செவ்வாய்க்கிழமை இரண்டு மணி நேரம்: சைல்ட்மைண்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

இங்கிலாந்தில் ஒஃப்ஸ்டெட் என்ற அரசுக் கண்காணிப்பு அமைப்பின் பதிவோடு, சைல்ட்மைண்டர்களாகத் தங்கள் வீட்டில் பிள்ளைகளைப் பார்க்கும் தமிழ் அக்காமாருக்கும் தங்கைமாருக்கும், அங்கொருவர் இங்கொருவராக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் அண்ணன்மாருக்கும் வணக்கம்.

வேலை தேடும் நம் பெண்களுக்கு சிவி எழுதவும் விண்ணப்பம் நிரப்பவும் ஓய்வு நேரத்தில் உதவி வருகிறேன். அங்கே பார்த்ததை வைத்து உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வேலை தேடும் பெற்றோருக்காக, ஓரிரு நாள் முன்னறிவிப்பில், இரண்டு மூன்று மணி நேரம் மட்டும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள உங்களில் சிலர் முன்வர வேண்டும்.

ஒரு தாய்க்கு வீடியோவில் நேர்முகத் தேர்வு நடந்தபோது நான் அந்த வீட்டில் இருக்க நேர்ந்தது. அவர் அறைக்குள். இரண்டு வயது மகன் வெளியே என்னோடு. நான் எவ்வளவு விளையாட்டுக் காட்டியும் அவன் விடவில்லை. கதவடியில் படுத்து, இடுக்கு வழியாக விரல்களை உள்ளே நீட்டி "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். உள்ளே அவர் தன் கணக்கியல் அனுபவத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். நடுநடுவே குரல் தடுமாறியது எனக்கே கேட்டது. படிப்பும் அனுபவமும் உள்ள பெண். அன்று அவருக்குத் தேவைப்பட்டதெல்லாம் பிள்ளைக்குப் பழகிய ஒருவரிடம் இரண்டு மணி நேரம்.

அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் எங்கும் வாங்க முடிவதில்லை. நர்சரிகள் பெரும்பாலும் காலை, மாலை என்று பிரித்து, வாரத்துக்கு இத்தனை நாள் என்று மாதக் கணக்கில்தான் இடம் தருகின்றன. அரசின் உதவியும் வேலை கிடைத்தவர்களை நோக்கியே இருக்கிறது. ஒன்பது மாதப் பிள்ளையிலிருந்து வாரத்துக்கு 30 மணி நேர இலவசப் பராமரிப்பு 2025 செப்டெம்பர் முதல் உண்டு. ஆனால் பெற்றோர் இருவர் என்றால் பொதுவாக இருவருமே வேலையில் இருக்க வேண்டும், அல்லது விரைவில் வேலையில் சேர இருக்க வேண்டும். வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு உதவித்தொகையான யூனிவர்சல் கிரெடிட்டில் பராமரிப்புச் செலவில் 85 சதவீதம் வரை திரும்பக் கிடைப்பதும் அப்படித்தான். தேடிக்கொண்டிருப்பவருக்கு, பிள்ளைக்கு மூன்று வயது முடிந்த பிறகு வரும் இலவச 15 மணி நேரம் உண்டு. வருமானம் குறைந்த சில குடும்பங்களுக்கு இரண்டு வயதிலேயே உண்டு. அதுவும் நர்சரி வைத்த நேரத்தில்தான். நேர்முகத் தேர்வு அந்த அட்டவணையைப் பார்த்தா வருகிறது?

அதே நேரத்தில், 3 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளையை முதன்மையாகப் பார்க்கும் பெற்றோர், வாரத்தில் 30 மணி நேரம் வரை வேலை செய்யவோ தேடவோ தயாராக இருக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் யூனிவர்சல் கிரெடிட் விதி மாறியது. 30 மணி நேரம் தேடு என்கிறார்கள். அந்த நேரத்தில் பிள்ளை எங்கே இருக்கும் என்ற கேள்விக்கு நேரான பதில் இல்லை.

அம்மம்மா பக்கத்தில் இருந்தால் பிரச்சினை இல்லை. நம்மில் பலருக்கு அம்மம்மா கடல் கடந்து இருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரரிடம் காசு கொடுத்து விடலாம் என்றால், தன் வீட்டில் வைத்து, எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையை, கூலிக்கு, ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பார்ப்பவர் பொதுவாகப் பதிவு பெற்றிருக்க வேண்டும். பஸ் ஏறிப் போய், காத்திருந்து, பேசி, திரும்பி வரவே இரண்டு மணி நேரம் தாண்டிவிடும். ஆகவே சட்டப்படியும் பாதுகாப்புப்படியும் இதற்குச் சரியானவர்கள் நீங்கள்தான்.

உங்கள் சிரமம் தெரியாமல் கேட்கவில்லை. எட்டு வயதுக்குட்பட்டவர்கள் ஆறு பேர், அதில் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் மூன்று பேர், அதிலும் ஒரு வயதுக்குட்பட்டவர் பொதுவாக ஒருவர் என்ற வரம்பு இருக்கிறது. புதுப் பிள்ளை அழுதால் மற்றப் பிள்ளைகளும் குழம்பும். கடைசி நேரத்தில் "இன்டர்வியூ தள்ளிப்போய்விட்டது" என்றால் அந்த இடமும் காசும் போச்சு. நிரந்தரமாக வரும் குடும்பத்தை விட்டுவிட்டு இதற்கு இடம் வைக்கும்படி நான் கேட்கவில்லை. ஆனால் திங்கள் முதல் புதன் வரை மட்டும் வரும் பிள்ளையின் இடம் வியாழன், வெள்ளியில் சும்மாதானே கிடக்கிறது? விடுமுறைக்குப் போன பிள்ளையின் இடமும் அப்படித்தான். அந்த இடைவெளிகளைத்தான் கேட்கிறேன்.

இதில் முக்கியமானது, நேர்முகத் தேர்வு நாள் பிள்ளைக்கு உங்கள் வீட்டில் முதல் நாளாக இருக்கக் கூடாது. தாய் வேலை தேடத் தொடங்கும்போதே பிள்ளையைக் கூட்டி வரச் சொல்லுங்கள். முதல் முறை தாயும் கூடவே இருக்கட்டும். அடுத்த முறை அரை மணி நேரம் வெளியே போய் வரட்டும். ஒவ்வாமை, மருந்து, அவசரத் தொலைபேசி எண், யார் வந்து கூட்டிப் போகலாம், பெற்றோரின் எழுத்துமூல அனுமதி, ஒப்பந்தம் எல்லாவற்றையும் அப்போதே எழுதி வாங்கி வைத்துவிடுங்கள். அப்புறம் ஒரு திங்கட்கிழமை மாலை "நாளைக்குப் பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் அக்கா" என்று அவர் அழைக்கும்போது, அன்று இடம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

கட்டணத்தை விட்டுக்கொடுக்கச் சொல்ல மாட்டேன். உங்கள் உழைப்புக்கு விலை உண்டு. நாள் முழுதுக்கும் இல்லாமல் மணிக்கணக்கில் வாங்குங்கள். முறையான ரசீது கொடுங்கள். அரசின் வேலைவாய்ப்பு அலுவலகமான ஜொப் சென்டரில் 'பிளெக்சிபிள் சப்போர்ட் ஃபண்ட்' என்று ஓர் உதவி நிதி இருக்கிறது. நேர்முகத் தேர்வு, பயிற்சி போன்றவற்றுக்கான செலவுக்கு உதவலாமா என்று அங்கே அவரைப் பார்க்கும் ஆலோசகரான வொர்க் கோச் முடிவெடுப்பார். செலவு செய்வதற்கு முன்பே கேட்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. உங்களிடம் வரும் தாய்க்கு நீங்களே சொல்லிவிடுங்கள், அது பெரிய உதவி. பொது நிதி பெற முடியாத விசாவில் இருப்பவர்களுக்கு இந்த வழியும் இல்லை. அவர்களிடம் மட்டும் ஒரு மணி நேரக் காசைக் குறைத்து வாங்க மனம் வந்தால் வாங்குங்கள்.

வேலை கிடைத்த பிறகும் ஒரு பள்ளம் இருக்கிறது. 30 மணி நேரத்துக்கான கோட், அதாவது தகுதியைக் காட்ட அரசு தரும் எண், பள்ளித் தவணை தொடங்கும் முன்பே கையில் இருக்க வேண்டும்: செப்டெம்பர் தவணைக்கு ஆகஸ்ட் 31-க்குள், ஜனவரிக்கு டிசம்பர் 31-க்குள், ஏப்ரலுக்கு மார்ச் 31-க்குள். செப்டெம்பர் நடுவில் வேலை கிடைத்த தாய் ஜனவரி வரை கைக்காசு போட வேண்டும். யூனிவர்சல் கிரெடிட் இருந்தாலும் வழமையாக முதலில் கட்டிவிட்டுத்தான் பிறகு வாங்க முடியும். அந்தச் சில மாதங்களுக்கு, மாத முன்பணத்துக்குப் பதில் வாரக் கணக்கில் வாங்க முடியுமா என்று யோசியுங்கள். இப்படி வந்த குடும்பம் ஜனவரியில் உங்களிடமே நிரந்தரமாக வர நல்ல வாய்ப்பு இருக்கிறது. பிள்ளைக்கு ஏற்கெனவே உங்களைத் தெரியும்.

விருப்பம் உள்ளவர்கள் முதலில் காப்புறுதி நிறுவனத்திடமும், ஒஃப்ஸ்டெட்டுக்குப் பதில் சைல்ட்மைண்டர் ஏஜென்சி மூலம் பதிவு செய்தவர்கள் அந்த ஏஜென்சியிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு பிள்ளை பராமரிப்பவர்களின் பட்டியலை வைத்திருக்கும், உங்கள் கவுன்சிலின் ஃபமிலி இன்ஃபர்மேஷன் சேர்விஸுக்கு எழுதி, உங்கள் விவரத்தில் "குறுகிய முன்னறிவிப்பில், மணிக்கணக்கில் பார்க்கலாம், தமிழ் பேசுவேன்" என்று சேர்க்கச் சொல்லுங்கள். அந்தப் பட்டியலை நான் உதவும் தாய்மாரோடு உட்கார்ந்து அடிக்கடி பார்க்கிறேன். அப்படி ஒரு வரியைத்தான் அதில் தேடிக்கொண்டிருக்கிறோம்.