கண்டெம் பட்டியலில் கையெழுத்துப் போடும் முன்: கணினிக் கொள்முதல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

விண்டோஸ் 11 ஏற்காத கணினிகளைப் பட்டியலெடுத்து அனுப்பச் சொல்லி நீங்கள் பள்ளிகளுக்கு விடுத்த சுற்றறிக்கையைப் படித்தோம். பட்டியலுக்குப் பின் என்ன வரும் என்று உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். கண்டெம் ஆணை, அதாவது பயனற்றவை என்று கழித்துவிடும் ஆணை வரும், ஏலம் வரும், அப்புறம் பழைய இரும்புக் கடை. பள்ளிக் கணினிக் கூடங்களைப் பராமரிக்கும் தொழில்நுட்பப் பணியாளர்களாகிய நாங்கள் ஒரே ஒரு கோரிக்கையோடு இதை எழுதுகிறோம். அந்தப் பட்டியலில் கையெழுத்துப் போடும் முன், அதே கணினிகளில் விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றி ஒரு பருவம் பாடம் நடத்திப் பார்க்க அனுமதி தாருங்கள்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்ததும், விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் வசதி, இன்டெல் என்றால் ஏறக்குறைய 8ஆம் தலைமுறைச் செயலி வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரிந்தவைதான். தகுதியற்றது என்று இப்போது நீங்கள் எழுதச் சொல்வது பெரும்பாலும் 6ஆம் தலைமுறை ஐ3 செயலியும் 4 ஜிபி ரேமும் சுழலும் ஹார்ட் டிஸ்க்கும் உள்ள கணினிகளை. அவற்றின் செயலியில் ஒரு பழுதும் இல்லை. பைத்தான் எழுத, மைஎஸ்க்யூஎல் அட்டவணை போட, சி++ நிரல் ஓட்ட அது தாராளமாகப் போதும். ஒரு நிறுவனம் தன் அடுத்த பதிப்புக்கு வகுத்த தகுதிப் பட்டியலில் அதன் பெயர் இல்லை, அவ்வளவுதான்.

கணினிகள் பழசாகிவிட்டதால் பாடம் தடைபடுகிறது என்று சுற்றறிக்கை சொல்கிறது. பாடம் தடைபடுவது உண்மை. காரணம் வேறு. அதைக் கொஞ்சம் அருகில் வந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

விண்டோஸ் 10-க்கு ஆதரவு இருந்தபோது ஒரு காலாண்டு விடுமுறை முடிந்து முதல் நாள், முதல் பாடவேளை, 45 நிமிடம். பொறுப்பாசிரியர் மெயின் சுவிட்சைப் போடுகிறார். இருபது கணினிகளும் ஒரே நேரத்தில் விழித்து, ஒரே பிராட்பேண்ட் இணைப்பில் பல நூறு எம்பி அப்டேட்டைத் தனித்தனியாக இழுக்கின்றன. ஹார்ட் டிஸ்க் பயன்பாடு 100 சதவீதத்தில் நிற்கிறது. ஒரு பக்கம் அப்டேட் எழுதுகிறது, மறுபக்கம் வைரஸ் தடுப்பான் அதே கோப்புகளைத் துருவுகிறது. சுழலும் டிஸ்க்கின் ஒற்றை முள் இரண்டுக்கும் நடுவே அலைகிறது. போன பருவமே இறங்கி ரீஸ்டார்ட்டுக்குக் காத்திருந்த கணினிகளில் நீலத் திரை வந்து 27 சதவீதத்தில் நிற்கிறது, அணைக்காதீர்கள் என்கிறது. பாடவேளை முடிந்து மணி அடிக்கிறது. பிள்ளைகள் ஒரு வரிகூடத் தட்டச்சு செய்யாமல் எழுந்து போகிறார்கள். இடையில் மின்சாரம் போனாலோ இன்னும் மோசம். திரும்பி வரும்போது செய்த மாற்றங்களை எல்லாம் கணினி பின்வாங்கும், அடுத்த வகுப்பில் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

இது ஏன் நடக்கிறது? விண்டோஸில் ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் கோப்பு பெரும்பாலும் பூட்டப்பட்டிருக்கும். அதை மாற்ற வேண்டுமானால் எல்லாவற்றையும் நிறுத்தி, ரீஸ்டார்ட்டின் நடுவேதான் மாற்ற முடியும். அந்த வேலையை ஆள் இல்லாத நேரத்தில் முடித்துக்கொள்ளத்தான் ஆக்டிவ் ஹவர்ஸ் என்ற ஏற்பாடு. ஆனால் அது கணினி இரவிலும் மின்சாரத்தில் இருக்கும் என்று நம்பிச் செய்யப்பட்டது. பள்ளி லேபில் மாலையில் மெயினையே அணைத்துப் பூட்டுகிறோம், அதுதான் பாதுகாப்பும்கூட. ஆக, அப்டேட்டுக்குக் கிடைக்கும் ஒரே நேரம் பாடவேளைதான். மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய் அமெரிக்காவில் வெளியாகும் தொகுப்பு, இங்கே புதனோ வியாழனோ யாருக்கு லேப் வகுப்பு இருந்ததோ அவர்கள் தலையில் விழுந்தது. நீங்கள் புதிதாக வாங்கப்போகும் கணினியிலும் இந்த அடிப்படை மாறாது. சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி சேமிப்பகம் இருப்பதால் காத்திருப்பு குறையும், ஒழியாது.

லினக்ஸில் இது வேறு விதம். ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் கோப்பை அப்படியே விட்டுவிட்டு, அதே பெயரில் புதியதை வைக்க முடியும். பழையது ஓடி முடியும்வரை ஓடும், அடுத்த முறை திறக்கும்போது புதியது வரும். பெரும்பாலும் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல் மாறினால் மட்டும் ஒரு ரீஸ்டார்ட் வேண்டும், அதையும் நாம் சொல்லும்போது செய்யும். வழக்கமான ரீஸ்டார்ட் எடுக்கும் நேரத்தைவிட ஒரு நிமிடம்கூட அதிகம் ஆகாது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்டில் தானியங்கி அப்டேட்டை நாமே இயக்கிவிட்டால் ஒழிய அது எதையும் நிறுவாது. சனிக்கிழமை ஒருவர் வந்து இருபது கணினிகளையும் முடித்துவிட்டுப் போகலாம். எப்போது ரீஸ்டார்ட் ஆக வேண்டும் என்பதைப் பள்ளி தீர்மானிக்கும். எங்கள் தொழிலில் நம்பகம் என்று நாங்கள் சொல்வது முதலில் இதைத்தான்.

லினக்ஸில் குறையே இல்லை என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டோம். அப்டேட் அமரும்போது யாராவது மெயினை அணைத்தால் அடுத்து எந்த மென்பொருளையும் நிறுவ முடியாமல் முரண்டு பிடிக்கும். பாதியில் நின்ற நிறுவலை முடித்துவைக்கும் ஒற்றைக் கட்டளை கொடுத்தால் சரியாகும், ஆனால் அந்தக் கட்டளை ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். திடீர் மின்தடைக்குப் பின் சில நேரம் டெஸ்க்டாப் வராமல் இனிட்ராம்எஃப்எஸ் என்ற கறுப்புத் திரையில் நிற்கும். டிஸ்க்கைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே கட்டளையைப் பார்டிஷன் (டிஸ்க்கின் பிரிவு) பெயரோடு கொடுத்து, கேட்பதற்கெல்லாம் ஒய் அழுத்தி ரீபூட் செய்தால் பெரும்பாலும் மீண்டுவிடும். தெரியாதவருக்கு அது செத்த கணினி. யுஎஸ்பி வைஃபை குச்சிகளில் சில வகைக்கு டிரைவர், அதாவது அதை இயக்கும் மென்பொருள், கர்னலோடு வருவதில்லை. தனியாக ஏற்றினால் கர்னல் மாறும்போது அறுந்துபோகலாம், எனவே லேபில் லேன் கேபிள்தான். பூட் கோப்புகளுக்கெனச் சிறிய பார்டிஷன் தனியாகப் பிரித்து வைத்தால் பழைய கர்னல்கள் சேர்ந்து நிரம்பி அப்டேட் நின்றுபோகும், எனவே பிரிக்கவே கூடாது.

அலுவலக அறைக் கணினியையும் மாற்றச் சொல்லவில்லை. வானவில் எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகள், டிஜிட்டல் கையொப்ப டோக்கன், லினக்ஸ் டிரைவர் ஒழுங்காக வேலை செய்யாத பழைய லேசர் பிரிண்டர், இவை இருக்கும் அறையில் விண்டோஸே இருக்கட்டும். தலைமையாசிரியரின் சம்பளப் பட்டியல் நிற்கக் கூடாது. கல்வி நிறுவனங்களுக்கான தொகுப்பு உரிமத்தில் விண்டோஸ் 10-க்கு நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டுகள் முதலாண்டு ஒரு கணினிக்கு 1 டாலர், அடுத்த ஆண்டு 2, மூன்றாம் ஆண்டு 4 என்று மைக்ரோசாஃப்டே விலை வைத்திருக்கிறது. அலுவலகக் கணினிகளுக்கு அதை வாங்குங்கள். அப்படிப் பார்த்தாலும் இவ்வளவு அவசரமாகக் கண்டெம் செய்ய என்ன நெருக்கடி என்று எங்களுக்கு விளங்கவில்லை.

விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் ஒரே டிஸ்க்கில் வைத்துக் கொடுங்கள் என்று உங்களில் சிலர் சொல்வதாக அறிகிறோம். தயவுசெய்து வேண்டாம். 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட், இரண்டு இயங்குதளம் உள்ள கணினிகளைத் தொடாது என்று சொல்லப்பட்டும் பலவற்றில் லினக்ஸ் தொடங்குவதையே மறித்தது. கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் செக்யூர் பூட் வசதியை அணைத்து, லினக்ஸுக்குள் போய் அந்தத் தடையை நீக்கி, மறுபடி செக்யூர் பூட் வசதியை இயக்கவேண்டி வந்தது. முழுத் தீர்வு 2025 மே மாதம்தான் வந்தது. அது போக, விண்டோஸை விரைவாகத் தொடங்கவைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயங்கும்போது விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. லினக்ஸிலிருந்து அந்தப் பார்டிஷனைத் திறந்தால் படிக்க மட்டுமே விடும், பிள்ளைகள் சேமித்த நிரல் ஏறாது. பல கணினிகளில் லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடும், ஒன்று இந்திய நேரத்தையும் மற்றது கிரீன்விச் நேரத்தையும் மதர்போர்டில் எழுதுவதால். ஒரு கணினிக்கு ஒரு இயங்குதளம் போதும்.

எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடுவதன் விலை 2024 ஜூலை 19 அன்று தெரிந்தது. கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான ஒரு கோப்பு ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் நிறுத்தியது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதே நிறுவனத்தின் மென்பொருள் சில மாதங்களுக்கு முன் லினக்ஸ் சர்வர்களையும் நிறுத்தியிருக்கிறது. கர்னலுக்குள் நுழைய விட்ட எதுவும் எந்த இயங்குதளத்தையும் வீழ்த்தும். எனவே மாவட்டம் முழுவதும் ஒரே பதிப்பு என்று ஆணையிடுவது நிர்வாகத்துக்கு எளிதாக இருக்கலாம், பள்ளிகளுக்கு நல்லதல்ல.

கூகுள் இயங்குதளத்தில் ஓடும் மடிக்கணினியான குரோம்புக் வாங்கலாம் என்ற யோசனையும் காதில் விழுகிறது. அப்டேட் விஷயத்தில் அது எல்லோரையும்விடக் கெட்டி. தன்னையே இரண்டு பிரதிகளாக வைத்து, ஓடாத பிரதியில் புதியதை எழுதி, அடுத்த முறை தொடங்கும்போது மாறிக்கொள்ளும். ஆனால் இணையம் போனால் பாதி வேலை நின்றுவிடும். மைஎஸ்க்யூஎல் பாடத்துக்கு அது தோதுப்படாது. ஆப்பிள் கணினி நம் லேப் செலவுக்குள் வராது.

லினக்ஸ் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லை என்ற பதிலையும் எதிர்பார்க்கிறோம். நம் 11ஆம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலைத் திறந்து பாருங்கள். விண்டோஸும் உபுண்டுவும் ஒரே பாடத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. பக்கத்து மாநிலமான கேரளத்தில் அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாக உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளத்தில்தான் பாடம் நடத்துகின்றன. ஒன்றிய அரசின் நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருக்கிறது. புத்தகத்தில் இருப்பதை லேபில் காட்ட வழியில்லாமல் வைத்திருப்பது யார் பொறுப்பு?

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கணினிதான் பழுது என்று எழுதி வந்த புகார்களைப் பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் வேறு காரணம். யுபிஎஸ் பேட்டரி செத்து மாதக் கணக்காகியிருக்கும். எர்த் சரியாக இருக்காது. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்து, தேதி பல வருடம் பின்னால் போய், பாதுகாப்புச் சான்றிதழ் பிழை என்று எந்த இணையதளமும் திறக்காமல் கிடக்கும். சில்லறை விலைப் பேட்டரிக்கு மூன்று கடிதம், இரண்டு நினைவூட்டல், ஒரு ஆய்வு. அதற்குள் கணினிப் பயிற்றுநர் இல்லாத பள்ளியில் லேபே பூட்டப்பட்டுவிடும். ஒரு பேட்டரி மாற்ற வழியில்லாத அமைப்பு, இருபது கணினிகளை ஒரே கையெழுத்தில் தூக்கி எறிய மட்டும் வழி வைத்திருக்கிறது. இது எங்களுக்கு வலிக்கிறது.

கோபத்தில் எழுதிவிட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்ததைக் கேட்கிறோம்.

ஒரே அளவுள்ள இரண்டு லேப்களைத் தேர்ந்தெடுங்கள். இரண்டிலும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி போடுங்கள், ரேமை 8 ஜிபி ஆக்குங்கள். இந்த இரண்டு மாற்றமும் எந்த இயங்குதளத்துக்கும் வேண்டியவை, இல்லாமல் ஒப்பிட்டால் அது நியாயமான ஒப்பீடாகாது. ஒன்றில் விண்டோஸ் 10 நீட்டித்த ஆதரவோடு ஓடட்டும். மற்றதில் 2029 வரை ஆதரவுள்ள லினக்ஸ் மின்ட் 22, எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப்போடு. முதலில் பென்டிரைவிலிருந்தே பூட் செய்து லேன், ஒலி, புரொஜெக்டர் மூன்றையும் பார்த்துவிடலாம், டிஸ்க்கில் எதையும் தொட வேண்டியதில்லை. பிறகு ஒரு கணினியில் பைத்தான், மைஎஸ்க்யூஎல், ஜி++, லிப்ரே ஆஃபிஸ், தமிழ் 99 விசைப்பலகை எல்லாம் அமைத்து, டைம்ஷிஃப்ட்டில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, குளோன்ஜில்லா கொண்டு மற்றவற்றுக்குப் படியெடுக்கலாம். மாணவர் கணக்குக்கு நிர்வாக உரிமை வேண்டாம். ஆசிரியருக்கு மேலே சொன்ன இரண்டு மீட்புக் கட்டளைகளையும் ஒரே தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டிவிடுவோம்.

இரண்டு லேபிலும் ஒரு பதிவேடு வையுங்கள். தேதி, பாடவேளை, மெயின் போட்டதிலிருந்து முதல் வரி தட்டச்சு செய்ய ஆன நிமிடம், நின்றுபோன கணினிகள் எத்தனை, சரிசெய்தது ஆசிரியரா நாங்களா. பருவ முடிவில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விண்டோஸ் லேபின் எண்கள் நன்றாக இருந்தால் உங்கள் பட்டியலை நாங்களே எடுத்துத் தருகிறோம். நிறுவும் வேலைக்குத் தனியாக ஊதியம் கேட்கவில்லை. எஸ்எஸ்டிக்கும் ரேமுக்கும் மட்டும் ஒப்புதல் தாருங்கள்.

அதுவரை கண்டெம் ஆணையை நிறுத்தி வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். பட்டியல் அனுப்பக் கடைசித் தேதி இம்மாத இறுதி என்று சுற்றறிக்கையில் இருக்கிறது. அதற்குள் ஒரு வரி பதில் எழுதினாலும் போதும்.

இப்படிக்கு,
பள்ளிக் கணினிக் கூடப் பராமரிப்புப் பணியாளர்கள்