கயிற்றைத் தள்ளிக் கட்டியவருக்கும் மற்றவர்களுக்கும்

நீடாமங்கலம் பக்கம் என்னைத் தெரிந்தவர்கள், சட்டைப் பையில் பீடிக்கட்டு இல்லாமல் என்னைப் பார்த்திருக்க மாட்டீர்கள். 24 வருஷப் பழக்கம். போன ஆடிப்பெருக்கன்று நிறுத்தினேன், இந்த ஆடிப்பெருக்கும் வந்து போய்விட்டது. விட்டவன் நான் என்று ஊர் சொல்கிறது. விட வைத்தவர்கள் யார் யாரென்று சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா. நாலு தடவை விட்டு நாலு தடவையும் தோற்றவன் நான். "எனக்கு வைராக்கியம் போதாதும்மா" என்றேன். "எழுந்து எத்தனை நிமிஷத்தில் முதல் பீடி?" என்று கேட்டார். பல் விளக்கும் முன்பே என்றதும் ஒரு தாளை எடுத்துப் படம் போட ஆரம்பித்தார். புகையை இழுத்த 10, 20 விநாடிக்குள் நிகோடின் மூளைக்கு ஏறிவிடுமாம். அங்கே அசிடைல்கோலின் என்று உடம்பே சுரக்கும் பொருளுக்கான ஏற்பிகளில், அதாவது அது வந்து ஒட்டிக்கொள்ளும் இடங்களில், போய் உட்கார்ந்துகொண்டு, சுகம் காட்டும் டோபமைன் என்ற பொருளைச் சுரக்க வைக்கும். வருஷக்கணக்கில் இப்படியே போனால் ஏற்பிகள் மரத்துப்போகும், மூளையும் அவற்றின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளும்.

எனக்கு இது வாய்க்கால் பாஷையில்தான் பிடிபட்டது. தண்ணீர் தாராளமாக வருகிறதே என்று ஆளாளுக்கு மடை வெட்டிவிடுகிறோம். கோரையாறு தலைப்பில் அடைத்ததும் அத்தனை மடையும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. இரத்தத்தில் நிகோடின் சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகிவிடும், அதனால் விடியும்போது எல்லா மடையும் காய்ந்து கிடக்கும். காலைப் பீடியின் சுகம் என்று நான் நினைத்திருந்தது, அந்தத் தாகம் அடங்குவதைத்தான். "கூடிப்போன ஏற்பிகள் 3 மாதத்துக்குள் பெரும்பாலும் பழைய அளவுக்கு இறங்கிவிடும். முதல் வாரம்தான் கொடுமை" என்றார். என்மேல் எனக்கே இருந்த கோபத்தில் பாதி அன்றைக்கே இறங்கியது.

அங்கிருந்த நர்ஸ் தங்கச்சிக்கும் நன்றி. நிகோடின் சூயிங்கத்தை மிட்டாய் மாதிரி மென்று விக்கலெடுத்து நின்றேன். "வெற்றிலை போடுவீங்கல்ல? காரம் ஏறினதும் கன்னத்தில் ஒதுக்குங்கண்ணே" என்றார். காப்பி குடித்துக் கால் மணி நேரம் கழித்துத்தான் அதைப் போடணும் என்றும் சொன்னார். தஞ்சாவூர்க்காரனுக்கு அதுதான் பெரிய தண்டனை!

அப்புறம் பெட்டிக்கடை மாமா. உடம்பு மறந்தாலும் இடம் மறக்காது. கடை வாசலில் தொங்கும் நெருப்புக் கயிற்றைப் பார்த்தாலே, 3 மாதம் கழித்தும் கை சட்டைப் பைக்குப் போனது. யாரும் சொல்லாமலே மாமா அந்தக் கயிற்றைக் கடைக்குப் பின்பக்கம் கட்டிவிட்டார். என்னால் அவருக்குத் தினம் 2 கட்டு வியாபாரம் நஷ்டம். கடலைமிட்டாய் வாங்கி ஓரளவு ஈடுகட்டி வருகிறேன்.

மார்கழியில் ஒரு சாவு வீட்டில் ஒன்றைப் பற்ற வைத்துவிட்டேன். மச்சான் திட்டவில்லை. "சரி, மிச்சக் கட்டை இப்படிக் கொடுங்க" என்று வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு, நடவு ஆள் கூலியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அந்த ஒரு பீடியோடு அது நின்றது.

கடைசியாக என் வீட்டுக்காரி. நிறுத்திய மூன்றாம் நாள், வத்தக்குழம்பில் உப்பே இல்லையென்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனேன். அவள் ஒன்றும் சொல்லாமல் தட்டை மூடி வைத்தாள். நாலு பேர் முன்னால் இப்போது சொல்கிறேன்: உப்பு சரியாகத்தான் இருந்தது.