தற்காலிகக் குழிதானே, டிராயிங் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் தெருமுனையில் கழிவுநீர்க் குழாய் பதிக்கக் குழி வெட்டியிருக்கிறார்கள். சாலை நெடுகத் தோண்டாமல், ஒரு குழியில் ஜாக்கை வைத்துக் குழாயை மண்ணுக்குள் தள்ளி அடுத்த குழியில் எடுக்கிற வேலை, பைப் புஷ்ஷிங் என்பார்கள். நல்ல முறைதான், பஸ் ஓடுகிறது, கடைக்காரர்களுக்கும் தொந்தரவில்லை. சைட்டிலேயே முப்பது வருடம் ஓட்டியவன் என்பதால் தகர வேலியின் இடுக்கில் எட்டிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. அங்கே நின்ற தம்பியிடம் குழிக்கு டிராயிங் இருக்கிறதா என்று கேட்டேன். "இது டெம்ப்ரவரிதானே சார்" என்றார்.

அவரைக் குறை சொல்லவில்லை. புதைக்கப்போகும் குழாய்க்கு டிசைன் உண்டு, டெஸ்ட் சர்டிபிகேட் உண்டு. ஆட்கள் மாதக்கணக்கில் இறங்கி ஏறும் குழிக்கோ டெண்டரில் பெரும்பாலும் அரை வரிதான்: "தேவையான முட்டு, நீர் இறைப்பு உட்பட". குறைந்த விலை கேட்டவருக்கு வேலை என்றால் காண்ட்ராக்டர் எங்கே மிச்சம் பிடிப்பார்? குழாயில் கைவைக்க முடியாது, குழியில்தான் பிடிப்பார். 1.5 மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும் என்று இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 3764 சொல்கிறது. இந்தக் குழிகள் 5, 6 மீட்டர் போகின்றன, அதில் நாலு இரும்பு ஷீட்டையும் இரண்டு ஐ செக்‌ஷன் இரும்பு உத்திரத்தையும் செருகிவிட்டு முட்டுக் கொடுத்தாயிற்று என்றால் எப்படி?

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு சைட்டில் 2.5 மீட்டர் நீளக் குழாய் குழிக்குள் இறங்கவில்லை. குழாயை மட்டும் அளந்து குழியின் நீளத்தை முடிவு செய்திருந்தார்கள்; ஜாக் எவ்வளவு இடம் பிடிக்கும், ஜாக் சாய்ந்து தள்ளும் பின்சுவர் எவ்வளவு கனம், ஆள் நிற்க எங்கே இடம் என்ற கணக்கே இல்லை. மேஸ்திரி குழியின் சுவர்களுக்குக் குறுக்கே முட்டாக நின்ற ஒரு ஸ்ட்ரட்டைக் கழற்றினார், குழாய் இறங்கியதும் திரும்ப மாட்டிவிடலாம் என்றார், சரி என்று தலையாட்டியவன் நான்தான். குழாய் இறங்கியது. ஸ்ட்ரட்டைத் திரும்ப மாட்டப் போனால் அது நீளமாக இருக்கிறது! ஸ்ட்ரட் வளரவில்லை, குழிச் சுவராக மண்ணில் இறக்கிய இரும்புத் தகடு, அதாவது ஷீட் பைல், ஒரு சாண் உள்ளே வந்திருந்தது. ஆட்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள், அதனால் தப்பித்தோம். எந்த ஸ்ட்ரட்டை எப்போது எடுக்கலாம், அதற்கு முன் எதை மாட்ட வேண்டும் என்று டிராயிங்கிலேயே படிப்படியாக இருந்திருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

சென்னையில் மண்ணும் ஒரே மாதிரி கிடையாது. திருவான்மியூர்ப் பக்கம் கடற்கரை மணல், பள்ளிக்கரணைப் பக்கம் சதுப்புக் களிமண், கிண்டியில் பாறை வந்துவிடும். ஒரு தெருவில் தாங்கிய முட்டு அடுத்த ஏரியாவில் தாங்கும் என்று எப்படி நம்புவது? மணலில் நிலத்தடி நீர் 2 மீட்டரில் நிற்க, நீங்கள் 6 மீட்டர் வெட்டினால் அடியிலிருந்து சதுர மீட்டருக்கு 4 டன் அழுத்தம் மேலே தள்ளும். அடியில் போடும் அரை மீட்டர் கனக் கான்கிரீட் ஸ்லாபின் எடை அதே சதுர மீட்டருக்கு 1.2 டன்தான். மீதியை யார் பிடித்துக்கொள்வது? ஸ்லாப் போடுவதற்கு முன்பே ஷீட் பைல் போதிய ஆழம் இறங்காவிட்டால் மணல் உலை கொதிப்பதுபோலப் பொங்கி வரும். பம்பு போட்டு இறைத்துக்கொண்டே இருந்தால் தண்ணீரோடு நைஸ் மணலும் வரும், அப்புறம் பக்கத்து வீட்டுச் சுவரில் விரிசல்.

பின்சுவர் இன்னொரு தலைவலி. குழாயை 200 டன் விசையில் முன்னே தள்ளினால் அதே 200 டன் பின்சுவரையும் தள்ளும், அதைக் கடைசியில் தாங்குவது சுவருக்குப் பின்னால் இருக்கும் மண்தான். அங்கே யாரோ எப்போதோ கொட்டி மூடிய நிரப்பு மண் இருந்தால் குழாய்க்குப் பதில் சுவர் நகரும், குழாயைத் தாங்கும் தண்டவாளம் விலகும், குழாயின் வாட்டம் கெடும். மேட்டில் ஏறச் சொன்னால் கழிவுநீர் ஏறுமா? குழாய் வெளியேறச் சுவரில் வெட்டும் ஓட்டையும் அப்படித்தான், வெளியே மண்ணை முன்கூட்டியே கிரவுட் (சிமெண்ட் கரைசல்) போட்டுக் கெட்டிப்படுத்தாமல் வெட்டினால் மணலும் தண்ணீரும் உள்ளே வந்துவிடும்.

பெரிய செலவு எதையும் கேட்கவில்லை. டெண்டரில் குழிக்கென்று தனி ஐட்டமும் தனி விலையும் வேண்டும். மண்ணைச் சோதிக்கும் போர்ஹோலை, குழி வெட்டும் இடத்திலேயே போட வேண்டும், அரை கிலோமீட்டர் தள்ளிப் போட்ட ரிப்போர்ட்டை நகல் எடுத்து வைக்கக் கூடாது. டிசைனில் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்துப் போட வேண்டும், அதை வேறொருவர் சரிபார்க்க வேண்டும். கரையில் வைக்கிற பாரமும் அந்தக் கணக்கில் வர வேண்டும். 1,200 மில்லிமீட்டர் குழாய் ஒன்று ஏறக்குறைய 3 டன், எங்கள் தெருவில் அப்படி நாலு குழாயை விளிம்பிலேயே அடுக்கி, பக்கத்தில் கிரேனையும் நிறுத்தியிருக்கிறார்கள்.

ஐப்பசி மழை தொடங்க அதிக நாள் இல்லை. நேற்று மாலை போய்ப் பார்த்தேன், குழி அப்படியேதான் இருக்கிறது, பம்பு ஒன்றுதான் ஓடுகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சைட் இன்ஜினியர்,
சென்னை