பிரிட்டிஷ் உள்துறை அமைச்சருக்கு, பினாங்கிலிருந்து ஒரு திறந்த மடல்

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். பினாங்கு மிண்டனில் இன்று மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கும் இடம் ஒருகாலத்தில் உங்கள் படைமுகாம். கடலுக்கு அக்கரையில், சுங்கைப்பட்டாணியில், நேபாள வீரர்களைக் கொண்ட உங்கள் கூர்க்காப் படையின் பயிற்சி நிலையம் இருந்தது. கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க அறிவித்த அவசரகாலத்தில் (1948–60) மலாயாக் காடுகளில் சண்டையிட்ட அந்தக் கூர்க்காக்கள் பிரிட்டனில் குடியிருக்க 2009 வரை காத்திருந்தார்கள். 2004-ல் வந்த விதி, 1997 ஜூலை 1-க்கு முன் ஓய்வு பெற்றவர்களை வெளியே நிறுத்தியது. 2008 செப்டம்பரில் நீதிமன்றம் குட்டியது. 2009 ஏப்ரல் 29-ல் நாடாளுமன்றத்தில் 267-க்கு 246 என்று அரசு தோற்றது. மே 21-ல், நான்காண்டாவது பணி செய்த முன்னாள் வீரர்களுக்கெல்லாம் கதவு திறந்தது. பிடிவாதத்தில் போனது ஐந்து ஆண்டு.

இப்போது கேட்பது காமன்வெல்த் நாடுகளில் பிறந்து உங்கள் படையில் சேர்ந்தவர்களுக்காக, குறிப்பாக மலேசியர்களுக்காக.

பணியில் இருக்கும்வரை அவர்களுடைய பாஸ்போர்ட்டில் குடிநுழைவுக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு என்ற முத்திரை இருக்கும். சிக்கலின் வேர் அதுதான். விசாவைப் பற்றிப் பல ஆண்டு நினைக்கவே தேவையில்லாததால், குடியுரிமையே கிடைத்துவிட்டதாகச் சிலர் நம்பிவிடுகிறார்கள். படையை விட்டு விலகும் நாளோடு அந்த விலக்கு முடிகிறது. நிரந்தரக் குடியிருப்புக்கு விலகும் தேதிக்கு 18 வாரம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். ஆனால் அதைச் சொல்லும் பொறுப்பு யாருடையது என்பது தெளிவாக இல்லை. தாமதமானால் வேலைக்கு எடுக்க முதலாளி தயங்குவார், வாடகை வீடு கிடைக்காது. விலகும்போது தரும் ஆவணக் கட்டிலேயே இந்த விண்ணப்பமும் இருந்தால் பாதிச் சிக்கல் தீரும்.

அடுத்தது கட்டணம். 2022 ஏப்ரல் முதல், ஆறாண்டு பணி முடித்தவருக்கும், பணியால் வந்த நோயோ காயமோ காரணமாக விலக்கப்பட்டவருக்கும் கட்டண விலக்கு தரப்பட்டது. நல்ல காரியம். ஆனால் மனைவி, பிள்ளைகள் அதில் சேரவில்லை. 2025 ஏப்ரலில் ஒருவருக்கான கட்டணம் 3,029 பவுண்டானது. மனைவியும், பினாங்கில் பிறந்த இரண்டு பிள்ளைகளும் என்றால் 9,087 பவுண்டு. இதே பிள்ளைகள், அப்பா படையில் இருக்கும்போது 2010 ஜனவரி 13-க்குப் பிறகு பிரிட்டனில் பிறந்திருந்தால் பிறப்பிலேயே பிரிட்டிஷ் குடிமக்கள், ஒரு காசு கிடையாது. பிரசவம் எந்த ஊரில் என்பதற்கு இவ்வளவு விலையா? நான்காண்டு பணி செய்தவர்களுக்கும் அவர்களைச் சார்ந்தவர்களுக்கும் கட்டணத்தை நீக்குவதாக லேபர் கட்சியின் 2024 தேர்தல் அறிக்கையே சொன்னது. அந்த வாக்கியத்தை அப்படியே விதியாக எழுதுங்கள், போதும்.

பெயர் விவகாரம் சின்னதுதான், ஆனால் கோப்பை முடக்கும். மலேசியப் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயருக்குத் தனி இடம் இல்லை. 'ஏ/எல்' (மகன்), 'ஏ/பி' (மகள்) போட்டு அப்பா பெயர் வரும். உங்கள் படிவமோ அப்பா பெயரையே குடும்பப்பெயராக்கிவிடுகிறது. கணவனுக்கு ஒரு குடும்பப்பெயர், மனைவிக்கு வேறு, பிள்ளைக்கு இன்னொன்று. ஒரே வீட்டுக்காரர்கள்தானா என்ற கேள்வி அங்கே தொடங்குகிறது. பிறப்புப் பத்திரமும் திருமணச் சான்றிதழும் ஒத்திருந்தால் அதோடு விட்டுவிடும்படி அதிகாரிகளுக்கு ஒரு குறிப்பு அனுப்புங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரியது இரண்டாண்டுக் கணக்கு. மற்ற பல நாட்டவர்கள் நிரந்தரக் குடியிருப்பிலிருந்து பிரிட்டிஷ் குடியுரிமைக்குப் போய்விடலாம். மலேசியருக்கு அது எளிதல்ல. வேறு நாட்டுக் குடியுரிமையைத் தானாக விரும்பிப் பெற்றால், கூட்டரசு அரசியலமைப்பின் 24-வது பிரிவின்படி மலேசியக் குடியுரிமை பறிக்கப்படலாம். மலேசியக் குடிமக்களின் அடையாள அட்டையான நீல ஐசியை விடாமல் பிடித்திருப்பவருக்கு ஆயுள் முழுதும் கையில் இருப்பது அந்த நிரந்தரக் குடியிருப்பு மட்டும்தான். பிரிட்டனுக்கு வெளியே தொடர்ந்து இரண்டு ஆண்டுக்கு மேல் இருந்தால் அதுவும் காலாவதியாகிவிடும். பக்கவாதத்தில் விழுந்த அம்மாவைப் பார்க்க பட்டர்வொர்த் வந்தவர் இருபத்தைந்தாம் மாதம் திரும்ப முடியாது. திரும்பி வருபவர்களுக்கென்று விசா ஒன்று இருக்கிறது, உண்மைதான். ஆனால் அதற்கு பிரிட்டனோடு உறுதியான தொடர்பு உண்டென்று காட்ட வேண்டும். அம்மாவுக்காக வீட்டையும் வேலையையும் விட்டுவிட்டு வந்தவரிடம் காட்ட என்ன இருக்கும்?

படையில் நான்காண்டு பணி செய்ததையே அந்த உறுதியான தொடர்பாக ஏற்றுக்கொள்ளுங்கள். முன்னாள் வீரருக்கும் அவரோடு குடியிருப்பு பெற்ற மனைவி, பிள்ளைகளுக்கும் இரண்டாண்டு வரம்பை எடுத்துவிடுங்கள். எடுக்க முடியாதென்றால் ஐந்தாக்குங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாட்டவர்களுக்கான குடியிருப்புத் திட்டத்தில் அந்த ஐந்தாண்டு ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது.

கோலாலம்பூரிலுள்ள உங்கள் தூதரகத்துக்கும் இதன் நகல் போகிறது. பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
பினாங்கிலிருந்து, முன்னாள் படைவீரர்களின் விண்ணப்பங்களுக்கு உதவுபவர்கள்