ஜான் பிங்கம் பற்றிக் கட்டுரை எழுதும் தம்பிக்கு

அன்புள்ள பிரபு,

‘அமெரிக்க அரசியலமைப்பின் 14ஆம் திருத்தத்தை எழுதியவர் ஜான் பிங்கம்’ என்ற முதல் வரியையே மாற்று. திருத்தத்தில் ஐந்து உட்பிரிவுகள். முதல் உட்பிரிவில், “எந்த மாநிலமும்...” என்று தொடங்கும் இரண்டாவது வாக்கியம்தான் அவருடையது. அதற்கு முன்னால் நிற்கும் குடியுரிமை வாக்கியம் பிறகு செனட்டில் சேர்ந்தது. நம் அரசியலமைப்பின் 14ஆவது பிரிவிலுள்ள ‘சட்டங்களின் சமப் பாதுகாப்பு’ பிங்கம் வாக்கியத்திலிருந்து வந்ததுதான். குடிமகன் என்றில்லாமல் ‘எந்த நபருக்கும்’ என்று இரண்டு இடத்திலும் இருப்பதைக் கவனி.

1815இல் பென்சில்வேனியாவில் பிறப்பு, ஒஹாயோவின் கேடிஸில் வக்கீல் தொழில், 1855இல் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்), 1862 தேர்தலில் தோல்வி, 1865இல் மறுபடி உள்ளே. வாழ்க்கைக் குறிப்புக்கு இவ்வளவு போதும். பக்கங்களை, திருத்தம் உருவான 1866க்கு வைத்துக்கொள்.

அடிப்படைச் சிக்கல் 1833இன் பாரன் எதிர் பால்டிமோர் வழக்கு. உரிமைகள் சாசனம் (அமெரிக்க அரசியலமைப்பின் முதல் பத்துத் திருத்தங்கள்) மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தும், மாநிலங்களை அல்ல என்று தலைமை நீதிபதி மார்ஷல் சொல்லிவிட்டார். இதைச் சரிசெய்ய பிங்கம் பிப்ரவரியில் கொண்டுவந்த முதல் வரைவு, உரிமைகளைக் காக்கச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை காங்கிரஸுக்குக் கொடுத்தது. சொந்தக் கட்சிக்காரரான நியூயார்க்கின் ஹாட்ச்கிஸ் மடக்கினார்: நாளைக்கு வேறு கட்சி பெரும்பான்மைக்கு வந்தால் இந்த உரிமைகள் என்னாகும்? வரைவு ஒத்திவைக்கப்பட்டது. ஏப்ரலில் பிங்கம் அதைத் தலைகீழாகத் திருப்பினார். தடை நேராக மாநிலங்கள் மீது, அமல்படுத்தும் அதிகாரம் தனியாக ஐந்தாம் உட்பிரிவில். இந்த வடிவம் எங்கிருந்து கிடைத்தது என்பதை 1871இல் அவரே அவையில் சொன்னார்: அரசியலமைப்பை எழுதியவர்கள் மாநிலங்களைக் கட்டுப்படுத்த நினைத்திருந்தால் எப்படி எழுதியிருப்பார்கள் என்று மார்ஷலின் அதே தீர்ப்பு காட்டியிருந்தது. வழிமறித்த தீர்ப்பிலிருந்தே வழியை எடுத்தார். நல்ல வக்கீல் வேலை.

1866 மார்ச்சில் கறுப்பின மக்களுக்கான குடிமை உரிமைகள் மசோதாவை எதிர்த்து அவர் வாக்களித்ததை விட்டுவிடாதே. கறுப்பின மக்களின் உரிமைக்கு அவர் எதிரி அல்ல. அப்படிச் சட்டம் போட காங்கிரஸுக்கு இன்னும் அதிகாரமில்லை, முதலில் அரசியலமைப்பைத் திருத்துங்கள் என்பது அவர் வாதம்.

1868இல் திருத்தம் ஏற்கப்பட்டதும் உரிமைகள் சாசனம் மாநிலங்களைக் கட்டுப்படுத்திவிட்டது என்றும் எழுதிவிடாதே. 1873இல் ஸ்லாட்டர்ஹவுஸ் வழக்குகளில் உச்ச நீதிமன்றம் 5-4 என்று பிரிந்து, பிங்கம் வாக்கியத்தின் ‘சலுகைகள், விலக்குரிமைகள்’ பகுதியைச் சுருக்கிவிட்டது. உரிமைகள் ஒவ்வொன்றாக மாநிலங்களுக்குப் பொருந்தியது பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டில், அதே வாக்கியத்திலுள்ள ‘உரிய சட்ட நடைமுறை’ என்ற வேறு வாசல் வழியாக.

அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் மீதான பதவிநீக்க விசாரணையில் 1868இல் இறுதி வாதம் பிங்கமுடையது. 35-19, ஒரு வாக்கில் தப்பினார் ஜான்சன். 1873 முதல் 1885 வரை ஜப்பானில் தூதர் பணி. இரண்டுக்கும் தலா ஒரு பத்தி போதும்.

1865ஐ மட்டும் பூசி மெழுகாதே. லிங்கன் கொலைச் சதி வழக்கில் எட்டுப் பேரை ராணுவ ஆணையம் விசாரித்தது, நால்வரைத் தூக்கிலிட்டார்கள். அரசுத் தரப்பில் வாதாடியவர்களில் பிங்கமும் ஒருவர். மறு வருடமே ‘உரிய சட்ட நடைமுறை’யை எழுதப்போகிறவர், ராணுவம் அல்லாதவர்களை ஜூரி இல்லாமல் விசாரிக்கலாம் என்று எப்படி வாதாடினார்? வாய்மொழித் தேர்வில் கேள்வி இங்கிருந்துதான் வரும். பதிலைத் தயாராக வைத்துக்கொள்.

அன்புடன்,
அண்ணன்