மூன்று சீட்டுகள்

அன்புள்ள நண்பா,

நலம். நீயும் வீட்டில் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். உன் கடிதம் வந்து நான்கு மாதங்கள் ஆகிவிட்டன. பதில் எழுதாததற்கு வேலைமிகுதியைக் காரணம் சொல்லலாம். ஆனால் உன்னிடம் எதற்குப் பொய்? கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் நீ கேட்டிருந்த ஒரு கேள்விதான் என் கையைக் கட்டிப்போட்டது. "கொரோனாதான் போய்விட்டதே, இன்னும் எதற்காக வீடு வீடாக மளிகைப் பை சுமந்துகொண்டு அலைகிறாய்?" என்று எழுதியிருந்தாய். பிறர் சுமையைக் கண்டாலே உனக்கு முதுகு வலிக்கத் தொடங்கும் என்பதை நான் இன்னும் மறக்கவில்லை. ஆகவே நீ சிரித்துக்கொண்டே எழுதியிருப்பாய் என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஆனாலும் அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதலில் ஒரு திருத்தம். 2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது உலகளாவிய அவசரநிலை முடிந்தது என்பதைத்தான். நோய் ஒழிந்துவிட்டது என்று அது சொல்லவில்லை. உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டு, எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளோடு வாழும் ஒருவர் எங்கள் பட்டியலில் இருக்கிறார். கூட்டமான கடைக்குள் நுழைய அவர் இன்றும் அஞ்சுகிறார். அவரிடம் போய், "எல்லாம் முடிந்துவிட்டது, வெளியே வாருங்கள்" என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

ஆனால் நான் சொல்ல வந்தது அவரைப் பற்றி அன்று. தொடக்கத்திலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி.

2020 மார்ச் 11 அன்று இதைப் பெருந்தொற்று என்று அறிவித்த சில நாட்களுக்குள், அறுபது வயதைக் கடந்தவர்களும் சர்க்கரை நோய், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களும் வீட்டைவிட்டு வெளியே வரவேண்டாம் என்று எல்லாப் பக்கமிருந்தும் எச்சரித்தார்கள். தனியாக இருக்கும் ஒருவருக்கு வீட்டில் உப்பு தீர்ந்துபோனால் என்ன செய்வது என்பதை மட்டும் அந்த எச்சரிக்கைகளில் எவரும் சொல்லவில்லை. அக்கம்பக்கத்தில் இருந்த நாங்கள் சிலர் கூடி ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்துவிட்டுக் காத்திருந்தோம். முதல் வாரம் முழுவதும் அது ஒலிக்கவே இல்லை. ஆள் சேர்ப்பதுதான் கடினம் என்று நினைத்திருந்தேன், அது தவறு. பிரிட்டனில் அந்த மார்ச் 24 அன்று 2,50,000 தன்னார்வலர்கள் வேண்டும் என்று அரசு கேட்க, ஒரு வாரத்துக்குள் 7,50,000 பேர் பெயர் கொடுத்ததால் பதிவையே நிறுத்திவைத்தார்கள். பெயர் கொடுத்தவர்களில் பலர் தமக்கு வேலை எதுவும் வராமல் காத்திருந்தார்கள். உதவ வந்தவர்கள் எங்கும் இருந்தார்கள். உதவி வேண்டியவர் எந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறார் என்பதுதான் தெரியவில்லை. மிகவும் தேவைப்பட்டவர்கள் அழைக்கவே இல்லை. சிலரிடம் தொலைபேசி இல்லை. சிலருக்குக் கேட்கக் கூச்சம். சிலர், "என்னைவிடக் கஷ்டப்படுபவர்கள் இருப்பார்களே" என்று ஒதுங்கிக்கொண்டார்கள். கடைசியில் நாங்களே ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கித்தான் அவர்களைக் கண்டுபிடித்தோம்.

வேலையையும் போகப் போகத்தான் கற்றுக்கொண்டோம். முதல் நாட்களில் கதவருகே பையை வைத்துத் தட்டிவிட்டு, தொற்றுக்குப் பயந்து உடனே இறங்கிவிடுவோம். ஒரு பெரியவர் வீட்டில் காலையில் வைத்த பை மாலைவரை அப்படியே கிடந்தது, பால் கெட்டுப்போயிருந்தது. அவருக்குக் காது மந்தம். நாங்களோ முகக்கவசத்தால் வாயை மூடியிருந்ததால், உதட்டசைவைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளும் அவருடைய பழக்கமும் பயனற்றுப்போயிற்று. பிறகு ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் 'சாமான் வந்திருக்கிறது. வேறு என்ன வேண்டும்?' என்று எழுதி, ஆறடி தள்ளி நின்று உயர்த்திப் பிடிப்பேன். அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு, ஒன்றும் வேண்டாம் என்று கைகூப்புவார். இன்னொரு வீட்டில், நான் திரும்பிப் பார்த்தபோது, அந்த அம்மா பையைத் தூக்க முடியாமல் தரையோடு இழுத்துக்கொண்டு போனதைக் கண்டேன். அன்றிலிருந்து ஒரே பையில் அடைக்காமல் மூன்று சிறு பைகளாகப் பிரித்து வைக்கத் தொடங்கினோம்.

பைகளைக் கழுவியதைப் பற்றி உன்னிடம் எத்தனையோ முறை புலம்பியிருக்கிறேன். பிளாஸ்டிக்கின் மேல் இந்த வைரஸ் 72 மணி நேரம்வரை உயிர்ப்போடு இருக்கும் என்று ஓர் ஆய்வு சொன்னதும், ஒவ்வொரு பொட்டலத்தையும் துடைத்து அடுக்கினோம். பரப்புகளைத் தொடுவதால் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு, தொடுகை ஒன்றுக்கு 10,000இல் ஒன்றைவிடக் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில்தான் தெளிவாகச் சொன்னது. காற்றின் வழியாகத்தான் அது பெரும்பாலும் பரவியது. பொட்டலம் துடைத்த நேரத்தில் அவர்களுடைய ஜன்னல்களைத் திறந்துவைக்கச் சொல்லியிருக்கலாம் என்று இன்றும் மனம் அடித்துக்கொள்கிறது.

இவையெல்லாம் புதியவை என்று அப்போது நினைத்தேன், அப்படியில்லை. 1666இல் இங்கிலாந்தின் ஈம் என்ற சிற்றூரில் பிளேக் பரவியபோது, நோய் வெளியே போகக்கூடாது என்று அந்த ஊரார் தம்மைத்தாமே அடைத்துக்கொண்டார்கள். சுற்றியிருந்த ஊர்க்காரர்கள் எல்லையில் உணவைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஊரார் அதற்கான காசை எல்லைக்கல்லின் குழிகளில் ஊற்றிய வினிகரில் போட்டுவைத்தார்கள். அந்தக் கல் இன்னும் இருக்கிறது. நான் பார்க்கும் வீடுகளில் ஒன்றில், மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் ஓர் அம்மா, சோப்புத் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் சில்லறையைப் போட்டு வாசலில் வைத்திருப்பார். பக்கத்தில், கிழித்த நாட்காட்டித் தாளின் பின்புறம் எழுதிய சீட்டு கதவுக்கடியில் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஓராண்டுக்கு மேல் வாரம் ஒருமுறை அந்தக் கிண்ணத்தையும் சீட்டையும் எடுத்திருக்கிறேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். தடுப்பூசி வந்தது, கட்டுப்பாடுகள் தளர்ந்தன, எல்லோரும் அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள். ஒருநாள் குழுவின் தொலைபேசி எண்ணும் நிறுத்தப்பட்டது. வீடுகளுக்கு யாராவது தெரிவித்திருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். வேறு ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனவன், ஏதோ நினைவில் மூன்றாம் மாடிக்கு ஏறினேன். கதவுக்கடியில் மூன்று சீட்டுகள் இருந்தன. முதலாவதில் வழக்கமான பட்டியல். இரண்டாவதிலும் அதே பட்டியல். எதுவும் வாங்கப்படாததால் எதுவும் குறையவில்லை. மூன்றாவதில் இரண்டே பொருட்கள். அவற்றின் கீழே சிறிய எழுத்தில் 'முடிந்தால்' என்று எழுதியிருந்தது. கிண்ணத்தில் தண்ணீர் வற்றி, காசுகளின்மேல் சோப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது.

நண்பா, அந்த ஒரு சொல்லை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. கதவைத் தட்டினேன். அவர் திறந்து, என் முகத்தைப் பார்த்ததும், "உங்களுக்கு உடம்பு சரியில்லையோ என்று கவலைப்பட்டேன்" என்றார். மூன்று வாரமும் அவருக்குக் கீழ்வீட்டுக்காரர் எப்போதாவது கொடுத்ததுதான் சாப்பாடு. முழங்கால் வலி அவருக்குப் பெருந்தொற்றுக்கு முன்பே இருந்திருக்கிறது. அப்போதும் மாதத்துக்கு ஓரிரு முறைதான் இறங்கி வந்து, சுமக்க முடிந்த அளவு மட்டும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். அதே படியில் எத்தனை ஆண்டுகள் ஏறி இறங்கியிருப்பேன். ஒருமுறையும் அவரைப் பார்த்ததில்லை. ஊரே அடைபட்டுக் கிடந்தபோதுதான் அவர் என் கண்ணில் பட்டார். கண்ணில் பட்டுவிட்ட பிறகு, அவசரநிலை முடிந்துவிட்டது என்று சொல்லி எப்படி விடுவது?

ஆகவே இன்னும் சுமக்கிறேன். பழைய குழுவில் நால்வர் திரும்பி வந்திருக்கிறார்கள். பதினொரு வீடுகள் பார்க்கிறோம். இனி ஒருவர் விலகினால், அவர் பார்த்த வீடுகளுக்கு நேரில் போய், அடுத்து வருபவரை அறிமுகப்படுத்திவிட்டுத்தான் விலக வேண்டும் என்று எங்களுக்குள் பேசி வைத்திருக்கிறோம்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளின் படிப்பைப் பற்றி அடுத்த கடிதத்திலாவது விவரமாக எழுது. இன்னொன்று: உன் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் எப்போதும் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருப்பவர் என்று ஒரு பெரியவரைப் பற்றி முன்பு எழுதியிருந்தாயே, அவருக்குச் சாமான் வாங்கித்தர யார் இருக்கிறார்கள் என்று விசாரித்து எனக்கு எழுது. போகும்போது, தட்டிவிட்டு உடனே திரும்பிவிடாதே. எழுந்து வந்து தாழ்ப்பாளை நீக்க அவருக்கு நேரமாகும்.

என்றும் அன்புடன்,
உன் கடைசி பெஞ்சு நண்பன்