நவம்பரை விட்டுவையுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். மெழுகுவர்த்தியும் செவ்வந்தியும் வாங்கிக்கொண்டு மழையில் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். குன்னூர் கடைவீதியில் ஒரு கடையிலிருந்து கிறிஸ்து பிறப்புப் பாட்டு முழங்கியது. வாசலில் ஆளுயர பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் தாத்தா இடுப்பை ஆட்டிக்கொண்டு நின்றார். என் கணவரை நினைத்துக் கண் கலங்கியபடி போனவளுக்குச் சிரிப்பதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை.

திரும்பி வரும்போது கடைக்காரரிடம் கேட்டேவிட்டேன். என்னிடம் படித்தவர்தான். "டீச்சர், இது கிறிஸ்துமஸுக்காக வைத்ததில்லை, டூரிஸ்ட்டுகளுக்காக வைத்தது" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆயுத பூஜை விடுமுறையோடு மலையில் இரண்டாம் சீசன் முடிந்துவிடும். பிறகு வடகிழக்குப் பருவமழை. பாதையில் மண்சரிந்தால் மலை ரயிலை நிறுத்திவிடுகிறார்கள், வருகிறவர்கள் குறைந்துபோகிறார்கள். டிசம்பர் கடைசியில் கூட்டம் வரும்வரை கடை வாடகை காத்திருக்குமா? தீபாவளிப் பட்டாசுக் குப்பையைக் கூட்டிய கையோடு நட்சத்திரத்தைத் தொங்கவிட்டுவிடுகிறார்கள்.

முன்கூட்டியே தொடங்க வேண்டிய வேலைகளும் உண்டு, மறுக்கவில்லை. கேக்குக்கான உலர் பழங்களை பேக்கரிக்காரர்கள் அக்டோபரிலேயே ஊறப்போட்டுவிடுவார்கள், ஊறினால்தான் ருசி. தையற்காரரிடம் நவம்பருக்குள் துணி கொடுக்காவிட்டால் பண்டிகைக்குப் பழைய புடவைதான். ஆனால் இவையெல்லாம் சத்தமில்லாமல் நடக்கும் வேலைகள்.

நட்சத்திரம் அப்படியல்ல. நான் சிறுமியாக இருந்தபோது அதை வீட்டில்தான் செய்தோம். மூங்கில் சிம்பைக் கட்டி, மைதாப் பசையால் வண்ணத்தாள் ஒட்டி, உள்ளே ஒரு பல்ப். தாள் நனைந்தால் கிழிந்துவிடும் என்பதால் மழை ஓயும்வரை அப்பா வெளியே கட்டவிடமாட்டார். ஊட்டியில் உறைபனி விழுந்தது என்று பஸ்ஸில் வருகிறவர்கள் சொன்ன பிறகுதான் அது வாசலுக்கு வரும். இப்போது ஐப்பசி மழையிலேயே கட்ட வேண்டியிருப்பதால் எல்லாம் பிளாஸ்டிக். மலையேறும் வண்டிகளை மறித்து பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பார்க்கிற மாவட்டம் இது! ஜனவரியில் இந்த நட்சத்திரங்கள் எந்த ஓடையில் கிடக்கின்றன என்று ஒரு நடை போய்ப் பார்க்கலாம்.

திருச்சபை நாள்காட்டி இந்தப் பண்டிகைக்கு முன் ஒரு காத்திருப்பை வைத்திருக்கிறது. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கு முன் வராது. அந்தக் காலத்தின் நான்கு ஞாயிறுகளிலும் எங்கள் திருப்பலியில், கிறிஸ்து பிறந்தபோது வானதூதர்கள் பாடிய புகழ்ச்சியோடு தொடங்கும் வானவர் கீதத்தைப் பாடுவதில்லை. குருவானவருக்கு ஊதா உடை. குடிலில் ஆடு மாடுகளுக்கு நடுவே தீவனத் தொட்டி காலியாக இருக்கும். 24-ஆம் தேதி நள்ளிரவில் மணிகள் ஒலிக்க அந்தக் கீதத்தை மறுபடி பாடும்போது, அறுபத்தேழு வயதிலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. இரண்டு மாதம் ஒலிபெருக்கியில் கேட்டுக் காது மரத்துப்போன பிள்ளைகளுக்கு அது இன்னொரு பாட்டு, அவ்வளவுதான். 26-ஆம் தேதி காலையில் கடைகள் புத்தாண்டு வாழ்த்துப் பலகையை மாட்டிவிடுகின்றன. நாள்காட்டியின்படி கிறிஸ்து பிறப்புக் காலம் தொடங்கி முழுதாக இரண்டு நாள்கூட ஆகியிருக்காது.

கடைக்காரர்களிடம் நான் கேட்பது பெரிதல்ல. சரக்கை எப்போது வேண்டுமானாலும் அடுக்கட்டும். பாட்டையும் வாசல் அலங்காரத்தையும் மட்டும் டிசம்பர் பிறக்கும்வரை நிறுத்திவைக்கட்டும். குறைந்தது நவம்பர் 2 அன்றாவது.

கடைசியாக ஒன்று: மூங்கில் சிம்பு எங்கள் பக்கத்துக் கடைகளில் கிடைக்கவில்லை. பேரப்பிள்ளைகளுக்கு ஒரு தாள் நட்சத்திரம் செய்துகாட்ட வேண்டும். எங்கே கிடைக்கும் என்று வாசகர்கள் யாராவது இதே பக்கத்தில் எழுதினால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
குன்னூர்